மாவுக்கட்டைப் பிரித்தவர்: ரிச்சர்ட் ஸ்டெட்மனும் வீரர்களின் முழங்காலும்

முழங்காலில் அறுந்த நாரைத் தைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறேழு வாரம் அசையாமல் வைத்திருப்பது 1970-களில் பெரும்பாலான மருத்துவமனைகளின் வழக்கம். கட்டைப் பிரிக்கும் நாளில் நார் ஆறியிருக்கும். தொடை மட்டும் சூம்பிப்போயிருக்கும். கால் முழுதாக மடங்காது, முழுதாக நீளவும் செய்யாது. அலுவலகம் போய்வருகிறவர் அந்தக் காலை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். பனிச்சரிவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து இறங்குகிறவருக்கு அதோடு ஆட்டம் முடிந்தது.

அந்தக் கட்டை முன்கூட்டியே பிரிக்கத் துணிந்த சிலரில் ஒருவர் ஜே. ரிச்சர்ட் ஸ்டெட்மன். 1937-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஷெர்மனில் பிறந்தவர். குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில் எலும்பில் சிறு துளைகள் போடும் ‘மைக்ரோஃபிராக்சர்’ அறுவையைக் கண்டுபிடித்தவர் என்றே விளையாட்டு உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அது தவறில்லை. ஆனால் அந்த அறுவை அரை மணி நேர வேலை. அதற்குப் பிந்தைய எட்டு வாரங்களைத்தான் அவர் அதைவிடக் கவனமாகத் திட்டமிட்டார். அறுவையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு எட்டு வாரத்தை விட்டுவிட்டவர்களுக்கு அது பெரும்பாலும் பலிக்கவில்லை.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் அவர். டல்லாஸில் மருத்துவம் படித்து, நியூ ஆர்லியன்ஸின் சேரிட்டி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பயிற்சியை முடித்தார். இன்று அமெரிக்காவில் ஒருவர் வீரர்களின் முழங்காலைத் தொட வேண்டுமென்றால் கல்லூரி 4 ஆண்டு, மருத்துவப் படிப்பு 4 ஆண்டு, எலும்பு அறுவைப் பயிற்சி 5 ஆண்டு, அதற்கு மேல் விளையாட்டு மருத்துவத்தில் ஓராண்டு என்று முப்பது வயதைத் தாண்டிவிடுகிறது. ஸ்டெட்மன் தொழிலுக்கு வந்தபோது அந்தக் கடைசி ஓராண்டுப் பயிற்சி பரவலாக இல்லை. அவருக்கு அதைக் கொடுத்தது கலிஃபோர்னியாவின் சவுத் லேக் டாஹோ. சுற்றிலும் பனிச்சறுக்கு மலைகள். வாசலுக்கு வந்த நோயாளிகளில் பெரும்பகுதி உடைந்த காலோடு வந்தவர்கள்.

அந்தக் காலகட்டம் முக்கியம். அதற்கு முன் ஸ்கீ (பனிச்சறுக்கு) விபத்து என்றால் கணுக்கால் முறிவு, கீழ்க்கால் எலும்பு முறிவு. பிறகு உயரமான, விறைப்பான பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிணைத்து, விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பிடிகளும் தேறின. எலும்பு முறிவுகள் குறைந்தன. விசை அதற்கு மேலே இருக்கும் மூட்டுக்கு ஏறியது. பின்பக்கமாகச் சாய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்ட நிலையில், ஸ்கீயின் வால்முனை பனியில் பிடித்துக்கொண்டு காலை உள்பக்கமாகத் திருகினால், ‘ஏ.சி.எல்.’ என்று எல்லோரும் சொல்லும் முன் குறுக்கு நார் அறுந்துவிடும். தாவி இறங்கும்போது ஸ்கீயின் வால் முதலில் பனியில் பட்டால், விறைத்த பூட்ஸின் பின்விளிம்பு கெண்டைக்காலை முன்னே தள்ளும். அப்போதும் அதே நார்தான் போகும். இந்த இரண்டிலும் பிடி கழலாது, ஏனென்றால் அது வேறு திசை விசைக்காகச் செய்யப்பட்டது. 1976 வாக்கில் ஸ்டெட்மன் அமெரிக்க ஸ்கீ அணியின் தலைமை மருத்துவரானபோது, முழங்கால்கள் அவரைத் தேடி வரத் தொடங்கியிருந்தன என்று சொல்லலாம்.

அவருக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது முழங்கால் அல்ல, ஒரு கணுக்கால். 1979 மார்ச்சில் லேக் பிளாசிட் மலையில் அமெரிக்க ஸ்கீ வீரர் ஃபில் மாரேயின் கணுக்கால் நொறுங்கியது. ஸ்டெட்மன் தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார். எலும்பு உறுதியாகப் பிடித்து நின்றதால் அசைவைச் சீக்கிரம் தொடங்க முடிந்தது. ஓராண்டு நிறைவதற்குள், 1980 பிப்ரவரியில், அதே மலையில் நடந்த ஒலிம்பிக் ஸ்லாலோம் போட்டியில் மாரே வெள்ளி வென்றார். 1984-ல் சராயெவோவில் தங்கம்.

அசையாத மூட்டுக்குள் என்னதான் நடக்கிறது? அறுவைக்குப் பின் மூட்டுக்குள் இரத்தம் தேங்கும். அசைவு இருந்தால் அது கரைந்து வெளியேறும்; இல்லையென்றால் நாராகி ஒட்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு கொழுப்புத் திண்டு உண்டு. அது கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்போடு ஒட்டிக்கொண்டால் சில்லு கீழே இழுபட்டு நிற்கும், கால் கடைசி சில பாகை நீளாது, முன்முழங்கால் எரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் இது எளிதில் தப்பிவிடும் என்பதுதான் சிக்கல். ஸ்டெட்மன் குழுவினர் அந்த இடுக்கை மட்டும் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் முறை) வழியாக விடுவிக்கும் அறுவையைத் தனியாகவே விவரித்து எழுதினார்கள். வேறெங்கோ செய்த அறுவை பிசகி அவரிடம் வந்த முழங்கால்களில் இந்த ஒட்டல் அடிக்கடி தென்பட்டது.

தடுக்கும் வழி எளியது, செய்பவருக்குத்தான் வலி. முதல் நாளே குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலை முழுதாக நீளவிட வேண்டும். சில்லை விரலால் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த வேண்டும். ஒரு நாளில் பல தடவை. வீக்கத்துக்கு ஐஸ். தொடை முன்தசையை இறுக்கிப் பிடித்து விடுவது மணிக்கு மணி. கூடவே காலைத் தொட்டிலில் வைத்து மெல்ல மடக்கி நீட்டும் இயந்திரம். இந்த இயந்திர யோசனை டொராண்டோவின் ராபர்ட் சால்டருடையது. முயல்களின் குருத்தெலும்பில் துளையிட்டு, சிலவற்றின் காலைக் கட்டிவைத்து, சிலவற்றைக் கூண்டில் திரியவிட்டு, சிலவற்றின் காலை இடைவிடாமல் இயந்திரத்தால் அசைத்து அவர் ஒப்பிட்டார். அசைந்துகொண்டே இருந்த மூட்டுகளில்தான் குருத்தெலும்பு நன்றாக வளர்ந்தது. ஸ்டெட்மன் இதை மனதில் பதித்துக்கொண்டார்.

1990-ல் அவர் கொலராடோ மாநிலத்தின் வெய்ல் நகருக்கு மாறினார். பெயரைத் தமிழில் எழுதும்போது சிரிப்பு வரும். சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனியூர் அது. அப்போது அங்குள்ள பனிச்சறுக்குத் தலத்தின் உரிமையாளராக இருந்த ஜார்ஜ் ஜில்லெட்தான் அழைத்துவந்தார். பின்னாளில் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் உரிமையாளர்களில் ஒருவரானாரே, அதே ஜில்லெட். தோள் அறுவை நிபுணர் ரிச்சர்ட் ஹாக்கின்ஸும் சேர்ந்துகொள்ள, ஸ்டெட்மன்–ஹாக்கின்ஸ் கிளினிக் உருவானது. ஸ்கீ அணியில் அவரோடு வேலை செய்த உடற்பயிற்சி வல்லுநர்கள் சிலரும் வெய்லுக்கு வந்தார்கள். ஒரு அறுவை நிபுணர் ஊர் மாறும்போது இயன்முறை சிகிச்சைக் குழுவையும் கூட அழைத்துவருவது, அவர் எதை நம்பினார் என்பதற்கு நல்ல சான்று.

இனி அந்த மைக்ரோஃபிராக்சர். தொடை எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. அதனால் தேய்ந்தால் வலியாகத் தெரியாது. பெயர்ந்தால் தானாக வளராது. அடியில் இருக்கும் எலும்பு வெளிப்பட்ட பிறகுதான் வலியும் வீக்கமும். ஆனால் அந்த எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது, மஜ்ஜையில் குருத்தெலும்பாக மாறக்கூடிய மூல உயிரணுக்கள் இருக்கின்றன. எலும்பில் துளை போட்டால் அவை மேலே வரும் என்பது பழைய யோசனை. பிரிஸ்டலில் பிரிடி என்பவர் 1950-களிலேயே துரப்பணத்தால் துளையிட்டுப் பார்த்தார். சுழலும் துரப்பணம் சூட்டைக் கிளப்பும். துளையின் ஓரம் கருகினால் அங்கே எதுவும் வளராது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டெட்மன் அதற்குப் பதிலாகக் கையால் தட்டி இறக்கும் வளைந்த கூர்முனைக் குத்தூசியை எடுத்தார். செருப்புத் தைப்பவரின் ஊசிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை 30, 45, 90 பாகை வளைவுகளில் இருக்கும். மூட்டின் வளைந்த பரப்பில் எங்கே குத்தினாலும் துளை செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதற்காக.

வேலை துளையிடுவதில் தொடங்குவதில்லை. முதலில் மூட்டு முழுவதையும் கேமராவால் சுற்றிப் பார்க்க வேண்டும். சேர்த்துச் செய்ய வேண்டிய மற்ற வேலைகள் இருந்தால் அவற்றை முடித்துவிட்டுக் குத்தூசியைக் கடைசியில் எடுப்பது வழக்கம். இல்லையென்றால் ஊறிவரும் இரத்தம் பார்வையை மறைக்கும். பிறகு தளர்ந்து தொங்கும் குருத்தெலும்பையெல்லாம் சீவி எடுத்து, நல்ல குருத்தெலும்பு செங்குத்துச் சுவராக நிற்கும்படி ஓரம் கட்ட வேண்டும். சரிவான ஓரம் இருந்தால் உறைந்த இரத்தம் அங்கே தங்காது; கிண்ணம்போல் இருந்தால்தான் தங்கும். அடுத்தது பலர் தவறவிடும் படி. எலும்புக்கு மேலே சுண்ணம் படிந்த மெல்லிய ஓர் அடுக்கு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டும் கருவியால் கையாலேயே எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் புதுத் திசு எலும்போடு பிடிப்பதில்லை. அதிகமாகச் சுரண்டி எலும்புத் தட்டையே கெடுத்தால் பின்னால் அந்த இடத்தில் எலும்பு மேல்நோக்கி முண்டாக வளரும். மோட்டார் கருவி இந்த இரண்டாவது தவற்றை எளிதாக்கிவிடும். வெய்லில் பணியாற்றிய வில்லியம் ராட்கி கால்நடை மருத்துவர். அவரும் சேர்ந்து கொலராடோவில் குதிரைகளின் மூட்டில் நடத்திய ஆய்வுகளில் இந்த அடுக்கின் முக்கியத்துவம் உறுதிப்பட்டது.

துளைகள் ஓரத்தைச் சுற்றி முதலில், பிறகு நடுவை நோக்கி. துளைக்குத் துளை 3 முதல் 4 மில்லிமீட்டர். நெருங்கிப்போய் இரண்டு துளைகள் ஒன்றாகிவிட்டால் எலும்புத் தட்டு உட்கார்ந்துவிடும். ஆழம் 2 முதல் 4 மில்லிமீட்டர். போதுமா என்று அறிய மூட்டுக்குள் ஏற்றும் நீரின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் கொழுப்புத் துளிகளும் இரத்தமும் கசிந்தால் மஜ்ஜையை எட்டியாயிற்று. எந்தத் துளை கசியவில்லையோ அதை இன்னும் ஆழப்படுத்த வேண்டும். மூட்டுக்குள் வடிகுழாய் வைக்கக் கூடாது. கிண்ணத்தில் உறையவிருக்கும் இரத்தம்தான் மருந்து; குழாய் வைத்தால் அது வெளியே போய்விடும். ஸ்டெட்மன் அந்த உறைவை ‘சூப்பர் கிளாட்’ என்றே அழைத்தார்.

பிறகுதான் அந்த எட்டு வாரம். தொடை எலும்பின் முனையில் செய்தது என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல். பாதம் தரையைத் தொடலாம், எடையை வைக்கக் கூடாது. கால் தொட்டில் இயந்திரம் நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு மடக்கல் என்ற வேகத்தில். பெரும்பாலும் தூங்கும்போது ஓடும். நீரில் நடப்பதும் தடையில்லாத சைக்கிளும் நடுவில் சேரும். சில்லுக்கு அடியில் செய்ததென்றால் கணக்கே வேறு. அங்கே எடையால் பெரிய தொல்லையில்லை, மடக்குவதால்தான் தொல்லை. அதனால் 0 முதல் 20 பாகைக்கு மேல் மடங்காத பட்டையோடு நடக்கலாம். ஒரே அறுவைக்குப் பிறகு ஒருவர் ஊன்றுகோலோடும் இன்னொருவர் பட்டையோடும் போவது நோயாளிகளுக்குக் குழப்பமாக இருக்கும். எங்கே உராய்கிறது என்பதுதான் பதில். திரும்பித் தாவும் ஆட்டங்களுக்கு நான்கு முதல் ஆறு மாதம், பல சமயம் அதற்கும் மேல்.

அந்த உறைவு முதல் வாரங்களில் தயிர் மாதிரி மென்மையானது. வலி குறைந்துவிட்டதே என்று மூன்றாம் வாரமே ஊன்றுகோலை எறிந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டது போலத்தான். வீரர்கள் இதில் மோசமான நோயாளிகள். சீக்கிரம் நன்றாக உணர்வார்கள், சீக்கிரம் சோதித்துப் பார்ப்பார்கள்.

முடிவுகள் எப்படி? 45 வயதுக்குக் கீழான 72 பேரைச் சராசரியாக 11 ஆண்டு தொடர்ந்து பார்த்து ஸ்டெட்மன் குழு 2003-ல் எழுதியது. ஏழாம் ஆண்டில் 80 சதவீதம் பேர் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்கக் கால்பந்துத் தொழில்முறை வீரர்கள் 25 பேரில் 19 பேர் அடுத்த பருவத்தில் களம் இறங்கினார்கள், சராசரியாக 4.6 பருவங்கள் ஆடினார்கள். எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கண்டுபிடித்தவரே செய்து, அவரே அளந்தவை. ஒப்பிட வேறு குழு இல்லை. இதைச் சொல்லாமல் அந்த எண்களை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது.

கூடைப்பந்தில் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர்களைப் பார்த்த ஆய்வுகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை அந்த லீக்குக்குத் திரும்பவே இல்லை. ஜேசன் கிட் 2004-ல் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு, 2011-ல் டல்லாஸ் அணியோடு கோப்பை வென்று, 2013 வரை ஆடினார். கிரெக் ஓடன் 2007-ல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, முதல் ஆட்டம் ஆடும் முன்பே இதைச் செய்துகொண்டார். மறுகாலிலும் பிறகு செய்தார்கள். மொத்தம் 105 ஆட்டங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. முதலாமவர் பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’. மற்றவர் 7 அடி உயரம், கனத்த உடம்பு, ஒவ்வொரு தாவலும் முழு எடையோடு தரையில் இறங்குவது. புண்ணின் அளவு, எடை, வயது, காலின் நேர்கோடு இவையெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. புண் 2 முதல் 4 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கால் வளைந்து எடை முழுவதும் புண்பட்ட பக்கமே விழுகிறது என்றால், எலும்பை வெட்டி நேராக்காமல் துளை மட்டும் போடுவது வீண் வேலை.

அடிப்படைக் குறையும் உண்டு. வளர்வது மூலக் குருத்தெலும்பு அல்ல, தழும்புக்கு நெருங்கிய நார்க் குருத்தெலும்பு. பளபளப்பும் குறைவு, தாங்குதிறனும் குறைவு. சில ஆண்டுகளில் தேயத் தொடங்கும். நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்துத் திரும்பப் பதிக்கும் முறையை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்டார்கள். அதையும் மைக்ரோஃபிராக்சரையும் நார்வேயில் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இரண்டாண்டில் உயிரணு முறை விஞ்சி நிற்கவில்லை. அது பத்து மடங்கு சிக்கலான முறை என்பதால் மைக்ரோஃபிராக்சருக்கு ஆயுள் நீண்டது. பிறகு இன்னொரு கணக்கு வந்தது: முதலில் துளையிட்டு, அது தோற்று, பிறகு உயிரணுப் பதியம் செய்தால் அந்தப் பதியமும் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ‘முதலில் எளிதானதைச் செய்துபார்ப்போம்’ என்ற சமாதானம் அதோடு ஆட்டம் கண்டது.

பெரும்பாலான கால்பந்து ரசிகர்களுக்கு ஸ்டெட்மன் பெயர் தெரிந்தது குருத்தெலும்பால் அல்ல, ஏ.சி.எல்.லால். 1992-ல் ஜெர்மனியின் லோதர் மத்தாயஸ் வந்தார். 39 வயதில் யூரோ 2000 வரை ஆடினார். 1998-ல் இத்தாலியின் டெல் பியரோ. 2006 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே விழுந்த இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன். இவர்களில் நெதர்லாந்தின் ரூட் வான் நிஸ்டல்ரூய் விஷயம்தான் இந்தத் தொழிலின் பண முகத்தைக் காட்டுகிறது. 2000 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்க வந்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்காலைப் பற்றி ஐயம் எழுந்து ஒப்பந்தம் நின்றது. அடுத்த நாட்களிலேயே பயிற்சியில் நார் அறுந்தது. வெய்லில் அறுவை. ஓராண்டு கழித்து 1.9 கோடி பவுண்டுக்கு அதே கழகம் அவரை வாங்கியது. 219 ஆட்டங்களில் 150 கோல்கள்.

ஒரு நிபுணரின் கையெழுத்தை நம்பித்தான் இத்தனை பணம் கைமாறுகிறது. கழகத்துக்கு ஓர் அவசரம், முகவருக்கு ஒன்று, காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்னொன்று. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் தொழிற்சங்க ஒப்பந்தம் வீரருக்கு இரண்டாவது மருத்துவக் கருத்தையும், அறுவை நிபுணரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருகிறது. எந்த அணிக்கும் சொந்தமில்லாத மலையூர் மருத்துவரிடம் வீரர்கள் பறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அறுவைக்குப் போன வீரர்களும் உடனே மேசைக்குப் போவதில்லை. முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும்போது புது நார் வைத்தால் ஒட்டல் வரும். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீளும் வரை சில வாரம் காத்திருப்பதே இன்று பொது வழக்கம். சில்லு நாரின் நடுப்பகுதியிலிருந்து 10 மில்லிமீட்டர் அகலப் பட்டையை, இருமுனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்துப் பொருத்துவார்கள். எலும்போடு எலும்பு ஒட்ட ஆறேழு வாரம் போதும். நாரின் உள்ளே புது இரத்த ஓட்டம் வந்து பலப்பட மாதங்கள் ஆகும். இடையில் அது வைத்தபோது இருந்ததைவிடப் பலவீனமாகவும் இருக்கும். வீரர் ‘நன்றாகிவிட்டேன்’ என்று சொல்லும் காலமும் அதுதான். நார்வே ஆய்வு ஒன்றின்படி ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

ஸ்டெட்மன் செய்த இன்னொரு வேலைக்குப் புகைப்படம் கிடையாது. நோயாளிகளின் வலி, நடை, ஆடும் அளவு ஆகியவற்றை அறுவைக்கு முன்னும், பின்னர் ஆண்டுதோறும், மதிப்பெண்ணாகப் பதிந்துவைத்தார்கள். அதற்காகவே 1988-ல் ஆய்வு அமைப்பொன்றைத் தொடங்கினார். இடுப்பு மூட்டு நிபுணர் மார்க் ஃபிலிப்போன் வந்த பிறகு ஸ்டெட்மன்–ஃபிலிப்போன் ஆய்வு நிலையம் ஆயிற்று. தன் முறையின் குறைகளைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பதிவேடுகள்தான் பயன்பட்டன.

2014-ல் அவர் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றார். 2023 ஜனவரியில் 85 வயதில் காலமானார். வீரர்களின் முழங்காலில் அந்தக் குத்தூசியை இன்று முன்னைப்போல் எடுப்பதில்லை. சிறிய புண்களுக்குத்தான் பெரும்பாலும். பெரிய புண்களுக்கு உயிரணுப் பதியமோ, கொடையாளரின் எலும்போடு சேர்ந்த குருத்தெலும்போ வைக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வெளியே வரும் வீரரின் கையில் இருக்கும் தாளிலும் பெரும்பாலும் அதேதான் எழுதியிருக்கும்: ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல், பாதம் தரையைத் தொடலாம், எடை வைக்கக் கூடாது, மடக்குவதையும் நீட்டுவதையும் மறுநாளே தொடங்கவும்.